வெளிநாட்டில் ஃபிலிம், போட்டோகிராபி படிக்க வந்தாச்சா? கேமரா வாங்க அவசரப்படாதீர்கள்

அரசுப் பல்கலைக்கழகங்களில் சினிமா, வீடியோ, போட்டோகிராபி படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். முதல் செமஸ்டருக்கு எதுவும் வேண்டாம் என்பேன். வந்த வாரமே போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் துறையின் கருவி அறையைத்தான். அமெரிக்காவில் பல இடங்களில் அதை 'கேஜ்' என்பார்கள். கேமரா, லென்ஸ், லைட், நீளக் கம்பில் மாட்டும் பூம் மைக், ட்ரைபாட் எல்லாம் அங்கே கிடைக்கும். படிப்பவருக்கு அவற்றை இரவலாக எடுத்துச் செல்ல உரிமை உண்டு. அந்தக் கருவி தேவைப்படும் வகுப்புக்குப் பதிவு செய்திருக்க வேண்டும், கருவியைக் கையாளும் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பறையில் சொல்லித் தருவதில் பாதியை வீட்டில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். இந்த அறை மட்டும் வெளியே கிடைக்காது.

அந்த கவுன்டரில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெட்டியை அங்கேயே திறங்கள். லென்ஸ் மூடி முன்னும் பின்னும் இருக்கிறதா, பேட்டரி எத்தனை, சார்ஜர் இருக்கிறதா, கேமராவை ட்ரைபாடில் மாட்டும் ப்ளேட் இருக்கிறதா என்று பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். போன் டார்ச்சை லென்ஸின் முன்கண்ணாடியில் சாய்வாகப் பிடித்தால் கீறல் தெரியும். ஒரு கீறலைப் பார்த்தால் அப்போதே சொல்லி, ரசீதில் எழுதச் சொல்லுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டு வெளியே வந்த பிறகு அது உங்கள் கீறல்தான். தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் அபராதம் போடுவார்கள். சில இடங்களில் கணக்கைத் தீர்க்கும்வரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடமாட்டார்கள். வார இறுதிக்கு நல்ல கேமரா வேண்டுமென்றால் முன்பதிவு திறந்த உடனே போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். 'ஃபிலிம் ஸ்டடீஸ்' என்றால் பெரும்பாலும் படம் பார்ப்பது, வரலாறு, கோட்பாடு, கட்டுரை. 'ப்ரொடக்‌ஷன்' என்றால் கையில் கேமரா. அமெரிக்காவில் பிஎஃப்ஏ (நுண்கலை இளங்கலை) பட்டத்தில் செய்முறை நிறைய இருக்கும், பிஏவில் பொதுப் பாடங்கள் அதிகம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டதாலேயே ஃபிலிம் துறையில் இடம் உறுதி என்றும் நினைக்காதீர்கள். சில இடங்களில் முதல் ஓரிரு வருடம் கழித்து போர்ட்ஃபோலியோ (நீங்கள் செய்த படைப்புகளின் தொகுப்பு) கேட்டு மறுபடி வடிகட்டுவார்கள். சேருவதற்கு முன்பே துறைக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

படப்பிடிப்பில் நம்மவர்கள் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. இந்தியா, இலங்கை, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எல்லாம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதாவது நொடிக்கு 50 சுழற்சி; விளக்கொளியும் அதற்கேற்பத் துடிக்கும். அமெரிக்காவும் கனடாவும் 60 ஹெர்ட்ஸ். ஊரில் நொடிக்கு 25 ஃப்ரேம் (படச்சட்டம்), 1/50 நொடி ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம்) என்று பழகியவர் அங்கே போய் அதே அமைப்பில் ட்யூப்லைட் அடியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், அல்லது விளக்கு துடிக்கும். 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/60 அல்லது 1/120 வையுங்கள். ஷட்டர் நேரத்தை நொடியில் இல்லாமல் டிகிரியில் (ஷட்டர் ஆங்கிள்) காட்டும் கேமரா என்றால் 24 ஃப்ரேமில் 144 டிகிரி, கணக்கு அதே 1/60தான். மலிவான எல்இடிகள் இதற்கும் அடங்காது. எடுப்பதற்கு முன் ஒரு சோதனை ஷாட் எடுத்துப் பெரிய திரையில் பார்த்துவிடுங்கள்.

சில துறைகளில் இன்னும் 16 எம்எம் ஃபிலிம் சுருளில் படம் எடுப்பது உண்டு. 100 அடி ரோல் 24 ஃப்ரேமில் சுமார் 2 நிமிடம் 45 நொடிதான் ஓடும். அதனால் "எதற்கும் எடுத்து வைப்போம்" என்ற டிஜிட்டல் பழக்கம் தானாகவே போய்விடும். வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

இனி விசா. கேமரா தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பிறந்தநாள், கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று அழைப்பு வரும், "கையில் கொஞ்சம் தந்துவிடுகிறோம்" என்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், மறுக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக்கூடாது. ஜெர்மனியில் மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் சம்பள வேலை பார்க்கலாம், ஆனால் ஃப்ரீலான்ஸ் என்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கையில் பணமாகத் தந்தாலும் வேலை வேலைதான். எடுக்கும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். சம்பாதிக்க வேண்டுமென்றால் அந்தக் கருவி அறையிலேயே மாணவர்களை வேலைக்கு எடுப்பார்களா என்று விசாரியுங்கள். காசும் வரும், யார் என்ன படம் எடுக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

தெருவில் படம் எடுப்பவர்களுக்கு: ஜெர்மனியில் ஒருவரின் முகம் தெரியும் படத்தை வெளியிட பொதுவாக அவருடைய சம்மதம் வேண்டும், அந்தச் சட்டம் 1907லிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் பொது இடத்தில் எடுப்பதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை, ஆனால் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் படத்தில் இருப்பவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். எந்த நாடானாலும் குறும்படத்தில் நடிப்பவரிடம் படப்பிடிப்பு நாளன்றே ரிலீஸ் படிவத்தில் (தன்னைப் படத்தில் காட்டச் சம்மதம் தரும் தாள்) கையெழுத்து வாங்கிவிடுங்கள். திரைப்பட விழாவுக்கு அனுப்பும் நேரத்தில் தேடினால் அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

அப்புறம், ஊர்ப் பையன்களாகச் சேர்ந்தே குழு அமைக்காதீர்கள். அடுத்தவர் படத்தில் பூம் பிடியுங்கள், லைட் தூக்குங்கள். ஒலிப்பதிவுக்கு ஆள் கிடைக்காமல் எல்லா வகுப்பிலும் திண்டாடுவார்கள். அதைக் கற்றுக்கொண்டவருக்கு இரண்டாம் வருடம் அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 160க்கு மேல் என்றால் பயணிகள் கொண்டுபோகவே முடியாது.