பொருள்: புரோட்டோடைப்புக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

இங்கே ஒரு கல்லூரிக்கு டிசைன் திங்கிங் பாடத்தை, அதாவது பயன்படுத்துவோரின் தேவையிலிருந்து தீர்வு தேடும் முறையை, ஆன்லைனில் நடத்துகிறேன். 'வடிவமைப்புச் சிந்தனை' என்ற தலைப்பு அச்சாகிவிட்டது, அதில் கை வைக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் சொல்லும் ஐந்து படிகளில் நான்காவதுதான், அதாவது யோசித்ததைச் சட்டென்று செய்து பார்க்கும் புரோட்டோடைப்தான், தகராறு. 'முன்மாதிரி செய்து காட்டுங்கள்' என்று எழுதியிருந்தேன். மீன் கூடையில் ஐஸ் சீக்கிரம் உருகாமலிருக்க ஒரு மூடி யோசித்த மாணவி இரண்டு வாரமாகக் கேமராவையே திறக்கவில்லை. கேட்டால், "பெயின்ட் இன்னும் காயல மேம்." நான் கேட்டது அட்டைப்பெட்டியும் செல்லோடேப்பும், பத்து நிமிட வேலை! முன்மாதிரி என்றதும் குறையே இல்லாத ஒன்று என்று பயந்துவிடுகிறார்கள். கிழித்துப் போடக் கூசாத சொல்லாகக் கொடுங்கள்.
— தண்டையார்பேட்டை ஆசிரியை

அம்மா, 'முன்வடிவு'. சட்ட முன்வடிவு திருத்தத்துக்கு உட்பட்டதுதானே? கிரேக்க மூலத்துக்கும் 'முதல் அச்சு' என்றே பொருள். தவிர, 'மாதிரி' தமிழ்தானா என்பதே ஐயம்.
— பெரம்பூர் புலவர்

என்ன ஐயம், ஐயா? சங்கப் பாட்டில் 'மாதிரம்' உண்டு, திசை என்று பொருள். திசை காட்டுவது மாதிரி.
— கொருக்குப்பேட்டை

மாதிரம் வானத்தையும் குறிக்கும். அப்போது மாதிரி வானத்தைக் காட்டுமோ? ஓசை ஒத்தால் உறவாகிவிடாது.
— புலவர்

காசிமேட்டில் புதுப் படகை வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பார்கள். கோயில் தேருக்கும் அதே சொல்தான். அதை எடுத்துக்கொள்ளலாமே?
— ராயபுரம்

நல்ல சொல். 'வெள்' இங்கே வெறுமை. குறள் 844-இல் 'வெண்மை' அறிவு வெறுமையைக் குறிப்பதைப் பாருங்கள். ஆனால் வெள்ளோட்டம் ஒரு செயல். அதை அட்டையில் வெட்டி ஒட்ட முடியாது. ஐந்தாம் படிக்கு, அதாவது டெஸ்டுக்கு, வைத்துக்கொள்ளுங்கள்.
— புலவர்

எங்கள் பட்டறையில் இதற்கு 'டம்மி' என்போம். எல்லாருக்கும் புரியும்.
— வியாசர்பாடி

டம்மியைத் தேர்வுத்தாளில் எழுதுவதா? தமிழுக்கு வந்த சோதனை!
— கொருக்குப்பேட்டை

'ஆன்லைன்' வந்தபோது எங்கே போயிருந்தீர்கள்?
— வியாசர்பாடி

சரி, ஞாயிறு இரவு 11.40. ஸ்லைடில் முன்வடிவு, டெஸ்டுக்கு வெள்ளோட்டம் என்று போட்டு அனுப்பிவிட்டேன். வாயால் டம்மி என்றுதான் சொல்லப் போகிறேன், புலவர் ஐயா மன்னிக்கணும். அப்புறம், அந்த மூடி காய்ந்துவிட்டது. நீல பெயின்ட், அழகாகவே இருக்கிறது. கூடையின் வாயில்தான் இறங்கவில்லை, இரண்டு விரல் அகலம் அதிகம்.
— ஆசிரியை

முன்வடிவு எனக்குச் சம்மதமில்லை. மாதிரம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
— கொருக்குப்பேட்டை