ஜர்னல் உண்மையிலேயே பியர் ரிவ்யூ (சக ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடுவது) உள்ளதா என்று எப்படி உறுதி செய்வது?

ஆய்வு_கோவை:
பிஎச்.டி. தீசிஸ் கொடுக்கும் முன் ஒரு கட்டுரை வெளிவந்தாக வேண்டும். யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். நான் பார்த்து வைத்திருக்கும் ஜர்னலின் தளத்தில் ஐ.எஸ்.எஸ்.என். எண், "ஸ்கோபஸ் இன்டெக்ஸ்டு", "இம்பாக்ட் ஃபேக்டர் 7.8" எல்லாம் இருக்கிறது. ஏழு நாளில் அக்செப்டன்ஸாம். நம்பலாமா?

நூலக_மேசை:
ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழின் அடையாள எண்தான், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சினிமா வார இதழுக்கும் அது கிடைக்கும். தேடுவதற்கு மட்டும்தான் அந்த எண்.

ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோபஸின் 'சோர்சஸ்' (இதழ்கள் பட்டியல்) பக்கம் சந்தா இல்லாமலே திறக்கும். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் ஏராளம், ஐ.எஸ்.எஸ்.என். கொடுத்துத் தேடுங்கள். ஜர்னலின் பக்கத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்கும். பலர் கோட்டை விடுவது அங்கேதான். நீக்கப்பட்ட ஜர்னலும் தேடலில் வரும், பழைய கட்டுரைகளும் அப்படியே இருக்கும். கவரேஜ் நிறுத்தப்பட்டதாகக் குறிப்பு இருந்தால், நீங்கள் இப்போது போடுவது அதில் ஏறாது. 'ட்ரேட் ஜர்னல்' (தொழில்துறை இதழ், ஆய்விதழ் அல்ல) என்ற வகையும் அதே பட்டியலில் உண்டு, அதையும் கவனியுங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் (ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) கொடுப்பது கிளாரிவேட் நிறுவனம் மட்டும்தான். அவர்களுடைய மாஸ்டர் ஜர்னல் லிஸ்டில் பெயர் இல்லையென்றால் அந்த 7.8 வேறு யாரோ விற்ற எண்.

மறுபார்வை:
மேலே சொன்னது எல்லாம் சரியாக வந்தாலும் தளம் போலியாக இருக்கலாம். நல்ல ஜர்னலின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என்.னையும் அப்படியே எடுத்து வேறு முகவரியில் கடை போடுகிறார்கள். ஸ்கோபஸ் பக்கங்களில் இருந்த இணைப்புகளிலேயே இந்தப் போலிகள் நுழைந்ததால், 2023 இறுதியில் முகப்பு இணைப்புகளையே எடுத்துவிட்டார்கள். ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் உள்ள முகவரியோடு ஒப்பிடுங்கள். ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் வைத்திருக்கும் கடத்தப்பட்ட ஜர்னல்கள் (இப்படிப் பெயர் திருடப்பட்டவை) பட்டியலிலும் தேடுங்கள். அந்தத் தளத்தில் உள்ள நாலைந்து கட்டுரைகளின் தலைப்பை ஸ்கோபஸில் போட்டுப் பாருங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் விஷயம் முடிந்தது.

தமிழியல்_ஆய்வு:
ஏழு நாள் என்பதே போதுமே! இரண்டு பேர் படித்து, குறிப்பு எழுதி, நீங்கள் திருத்தி அனுப்ப ஒரு வாரம் எப்படிப் போதும்? வெளியான கட்டுரைகளின் முதல் பக்கத்தில் வந்த தேதி, திருத்திய தேதி, ஏற்ற தேதி இருக்கும். எல்லாக் கட்டுரைக்கும் நாலைந்து நாள்தான் இடைவெளி என்றால் யாரும் படிக்கவில்லை.

திறந்த அணுகல் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஜர்னல் என்றால், அவற்றின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் பாருங்கள். எந்த வகை ரிவ்யூ, அனுப்பியதிலிருந்து வெளிவர சராசரி எத்தனை வாரம் என்று அங்கேயே போட்டிருப்பார்கள். 'எடிட்டோரியல் ரிவ்யூ' என்று இருந்தால் வெளி ஆய்வாளர் பார்ப்பதில்லை, ஆசிரியர் குழுவே முடிவு செய்கிறது. கலைத்துறை இதழ்களில் இது உண்டு. மோசடி இல்லை, ஆனால் பியர் ரிவ்யூ என்று கணக்கில் காட்ட முடியாது.

முதலில் உங்கள் பல்கலைக்கழக விதியை எடுத்துப் படியுங்கள். ஸ்கோபஸ் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்களா, பியர் ரிவ்யூ இருந்தால் போதும் என்கிறார்களா? இரண்டாவது என்றால், ஸ்கோபஸில் இல்லாத நல்ல தமிழ் ஆய்விதழ்களுக்கும் அனுப்பலாம்.