நான்காம் வகுப்பு மாணவனின் வாசிப்புச் சிக்கல்: அனுபவமுள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் வகுப்பில் கதை சொல்வதில் கெட்டிக்காரனான ஒரு மாணவன், ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்றே வாசிக்கிறான். ககரத்துக்கு முன்னுள்ள கொம்பைப் பார்த்தவன், பின்னுள்ள காலைச் சேர்ப்பதற்குள் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறான். டிஸ்லெக்சியா (எழுத்தை ஒலியோடு இணைத்து வாசிப்பதில் ஏற்படும் கற்றல் சிக்கல்) என மருத்துவர் உறுதிப்படுத்தியுள்ளார்.

மூளையில் வாசிப்புக்கெனப் பிறவியிலேயே அமைந்த பகுதி எதுவும் இல்லை என்றும், உருவங்களை அடையாளம் காணும் இடப்பக்கப் பகுதி ஒன்றே பயிற்சியால் எழுத்துக்குப் பழகி ஒலிப்பகுதிகளோடு இணைகிறது என்றும் நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் விளக்குகிறார். அதை வாசித்தபின், ‘கொ’வை ஒரே அட்டையில் முழு உருவமாகக் காட்டி, ஒலித்துக்கொண்டே மணலில் எழுதச் செய்கிறேன், சற்றுப் பலன் தெரிகிறது. கரும்பலகையைப் பார்த்து அவன் எழுதும்போது நான் பேசுவதையும் நிறுத்திவிட்டேன், இரண்டையும் ஒருசேரத் தாங்க அவனது செயல்படு நினைவாற்றலில் (தகவலைச் சில நொடிகள் மனத்தில் வைத்துக் கையாளும் திறனில்) இடமில்லை. (இதில் மற்ற பிள்ளைகளுக்கும் நிம்மதிதான்.)

தமிழுக்கென்றே உருவான ஒலிப் பயிற்சிகளையோ, எழுத்திடைவெளி கூடிய வாசிப்புத் தாள்களையோ பயன்படுத்திய சிறப்பாசிரியர்கள் பகிர முடியுமா? ‘காட்சிவழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர்’ என்ற பாகுபாட்டுக்கு ஆய்வுச் சான்று இல்லாததால், அவ்வகைப் பரிந்துரைகளைத் தவிர்க்கவும்.