மறு: ஷெல்லியின் ‘நெசசிட்டி’: அவசியமா, நியதியா, முறைவழிமையா?

> ‘அவசியம்’ என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரிகிற சொல்.

ஐயா, வணக்கம். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி ஆளும் ‘நெசசிட்டி’ (necessity) என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதானே நம் கேள்வி. ‘அவசியம்’ புரிகிற சொல்தான், ஆனால் இந்த இடத்தில் தப்பாகப் புரியும். 1811இல் ஷெல்லியை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியேற்ற வைத்த துண்டுப் பிரசுரத்தின் தலைப்பை ‘நாத்திகத்தின் அவசியம்’ என்று போட்டால், நாத்திகம் நமக்கு ஏன் வேண்டும் என்று பிரசாரம் செய்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே இருக்கும் வாதம் வேறு: நம்புவதும் நம்பாததும் நம் விருப்பத்தில் இல்லை, சான்று இருந்தால் மனம் ஏற்கும், இல்லையென்றால் அதனால் ஏற்க முடியாது, அப்படியிருக்க நம்பாதவனைக் குற்றவாளி என்பது எப்படி நியாயம்? ‘சான்று போதாமையால், ஒரு நாத்திகன்’ என்றுதான் கையெழுத்தே இருக்கிறது.

சரி, ‘விதி’, ‘ஊழ்’? இரண்டிலும் முன்வினை ஒட்டிக்கொண்டு வரும். ‘நியதி’ கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் பழங்கால இந்தியத் துறவிச் சமயத்தாரான ஆசீவகர்கள் வழியாக அதற்கு ‘மனித முயற்சியால் எதுவும் மாறாது’ என்ற பொருள் ஏறிவிட்டது, சைவ சித்தாந்தத்திலோ அது வினைப்பயனை உரியவருக்கே சேர்க்கும் தத்துவம். 1819இல் இங்கிலாந்தில் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய மக்களைப் படை தாக்கிய பீட்டர்லூ படுகொலைச் செய்தியை இத்தாலியில் கேட்டு, ‘நீங்கள் பலர், அவர்கள் சிலர்’ என்று உழைக்கும் மக்களை எழச் சொன்னவரை அதற்குள் எப்படி அடைப்பது? ‘நெசசிட்டி’ என்று அவர் சொன்னது காரண காரியத் தொடர், நடப்பதெல்லாம் முந்தைய காரணங்களால்தான் நடக்கிறது என்ற கொள்கை. மக்களின் எழுச்சியும் அந்தத் தொடரில் ஒரு காரணம்தான்.

என் பரிந்துரை ‘முறைவழிமை’. புறநானூறு 192இல் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ (ஆற்றுநீரின் வழியே போகும் தெப்பம்போல் உயிர் முறையின் வழியே போகும்) என்று வருகிறதே, அதிலிருந்து எடுத்தது. பழைய உரை அங்கே ஊழ் என்றுதான் பொருள் சொல்கிறது, அந்த ஆட்சேபம் வரும் என்று தெரியும். ஆனால் ‘முறை’ என்ற சொல்லுக்கு ஒழுங்கு, வரிசை என்பதும் பொருள், அதில் முன்வினை வாடை இல்லை. அதைவிட என்னை இழுத்தது அந்தப் பாட்டு போய்ச் சேரும் இடம்: பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. ‘குயின் மாப்’ (1813) கவிதைக்கு ஷெல்லி எழுதிய குறிப்பிலும் ஏறக்குறைய இதே முடிவு இருக்கிறது. இந்தக் கொள்கையை ஏற்றவர் யாரையும் வெறுத்தாலோ இகழ்ந்தாலோ தன் கொள்கைக்கே முரண்படுகிறார், குற்றவாளி மேல் அவருக்கு வருவது இரக்கம், பழிவாங்கும் எண்ணம் இல்லை என்கிறார். தண்டனை பற்றிய அவருடைய அரசியலே இங்கிருந்துதான் கிளம்புகிறது, அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

‘முறைவழிக் கொள்கை’, ‘முறைவழியர்’ என்று கிளைச்சொற்களும் சிக்கலில்லாமல் வரும். ‘குயின் மாப்’ கவிதையில் ஷெல்லி நெசசிட்டியை ‘உலகின் தாயே’ என்று விளிக்கிறாரே, அந்த இடத்தில் ‘முறைவழியே, உலகின் தாயே’ என்று மை விகுதியை விட்டுவிடலாம். ‘அவசியமே, உலகின் தாயே’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.