வி-டிஸ்க் தட்டுகள் ஏன் கடைக்கு வரவில்லை?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்கு அனுப்பப்பட்ட வி-டிஸ்க் இசைத்தட்டுகளில், வேறெங்கும் கிடைக்காத ஜாஸ் பதிவுகள் உள்ளன. அவை எவ்வாறு உருவாயின, ஏன் விற்பனைக்கு வரவில்லை?

பதில் 1: 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. தட்டுகளை விற்கக் கூடாது, மூலப் பதிவுகளைப் பின்னர் அழித்துவிட வேண்டும் என்னும் நிபந்தனைகளின் பேரில், படையினருக்காக மட்டும் வாசிக்கச் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1943-இல் இசைந்தார். இதனால், வெவ்வேறு நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இருந்தவர்களும் ஒன்றுகூடி வாசிக்க முடிந்தது. என் பார்வையில் அந்தச் சேர்க்கைகளே இத்தட்டுகளின் உண்மையான செல்வம்.

பதில் 2: அளவையும் கவனியுங்கள். வழக்கமான 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே அடங்கும். 12 அங்குல வி-டிஸ்க்கில் 6 நிமிடம் வரை அடங்கியதால், தனிவாசிப்புக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. அரக்குத் தட்டுகள் பயணத்தில் எளிதில் நொறுங்கும் என்பதால் வினைல் வகைப் பொருள் பயன்படுத்தப்பட்டது.

பதில் 3: 1949-இல் திட்டம் முடிந்ததும், வாக்களித்தபடியே மூலப் பதிவுகள் அழிக்கப்பட்டன. ஆயினும் வீரர்கள் சிலர் பெட்டிக்குள் ஒளித்து ஊருக்குக் கொண்டுவந்த தட்டுகள் தப்பின; விதியை மீறிய அவர்களுக்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும்.