புதுப்பிப்பு: ராஸ்பெர்ரி பை மீடியா சர்வரில் ஹார்டு டிஸ்க் காணாமல் போன கதை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில், சேமித்த படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளைப் போட்டு 2 டிபி ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் படம் பாதியில் நின்று டிஸ்க்கே காணாமல் போகிறது என்று, அது தீர்ந்துவிட்டது. பாதிப் பேர் டிஸ்க் போச்சு, புதுசு வாங்கு என்றீர்கள். நல்லவேளை, வாங்கவில்லை.

கரண்ட்தான் போதவில்லை. பையின் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், ஒரு போர்ட்டில் டிஸ்க், இன்னொன்றில் பென்டிரைவ், மூன்றாவதில் கீபோர்டு ரிசீவர் என்று நான் அடைத்து வைத்திருந்தேன். தனி பவர் அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வழியாக டிஸ்க்கை மாட்டினேன், மூன்று வாரமாக ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் பை பூட் ஆகட்டும் என்று பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் 'நோஃபெயில்' (nofail) சேர்த்ததும் உதவியது.

அப்புறம் அம்மா சப்டைட்டில் போட்டால் மட்டும் படம் திக்கித் திக்கி ஓடியது. ப்ளூ-ரேயிலிருந்து எடுத்த பட வடிவ சப்டைட்டில் அது, எங்கள் டிவிக்குப் புரியாததால் சர்வரே அதைக் காட்சியோடு ஒட்டி முழு வீடியோவையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கிறது, பாவம் பை என்ன செய்யும்! படக் கோப்பின் பக்கத்தில் அதே பெயரில் எஸ்ஆர்டி (வெறும் எழுத்து வடிவ சப்டைட்டில்) கோப்பு வைத்தேன், சரியாகிவிட்டது.