இடப்பக்கம் மாற்றிய பழைய பஜேரோ: செபுவில் வாங்கலாமா?

கேள்வி: செபு வாசி

வணக்கம். இங்கே பிலிப்பைன்ஸின் செபுவில் 1997 மாடல் மிட்சுபிஷி பஜேரோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஜப்பானில் ஓடிய வண்டி. சுபிக் சுதந்திர வணிகப் பகுதி வழியாக வந்து, ஸ்டியரிங்கை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள். நீளமான பாடி, 2.8 டர்போ டீசல், ஆட்டோமேட்டிக். 3,20,000 பெசோ கேட்கிறார்கள். இங்கேயே இடப்பக்க ஸ்டியரிங்கோடு புதிதாக விற்ற பஜேரோவான ஃபீல்டுமாஸ்டரை விட இது நன்றாகவே மலிவு.

ஓட்டிப் பார்த்ததில் நேர் ரோட்டில் குறையில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் ஸ்டியரிங் தானாக லேசாக ஒரு பக்கம் திரும்புகிறது. டயர் தேய்மானம்தான் காரணம் என்கிறார் விற்பவர். ஓட்டுநர் பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் இருந்தது.

மாற்று வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பேப்பர் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: டீசல் தம்பி

நண்பரே, நீங்கள் சொன்ன அந்த இரண்டு குறையுமே பெரும்பாலும் மாற்று வேலையிலிருந்து வருபவை. டயரைக் குறை சொல்லி அதைக் கடந்துபோக முடியாது.

முதலில் ஸ்டியரிங். இந்தத் தலைமுறை பஜேரோவில் ரேக் கிடையாது, ஸ்டியரிங் பாக்ஸ்தான். பாக்ஸிலிருந்து பிட்மேன் ஆர்ம் என்ற கை, எதிர்ப்பக்க சேசிஸில் அதற்கு ஈடாக ஐட்லர் ஆர்ம், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு ராட். அந்த நடு ராடிலிருந்துதான் இரண்டு சக்கரத்துக்கும் அதைத் திருப்பும் டை ராட் போகிறது. நடு ராட் தரைக்குச் சமமாகத் தொங்க வேண்டும். இடப்பக்கம் பாக்ஸை மாட்டும்போது கொஞ்சம் கீழேயோ சாய்வாகவோ வைத்துவிட்டால் ராடின் ஒரு முனை தாழ்ந்துவிடும். அப்புறம் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது இரண்டு டை ராடும் வெவ்வேறு வளைவில் நகரும், சக்கரம் தானாகத் திரும்பும். உங்கள் கைக்குத் தெரிந்தது அதுதான். வீல் அலைன்மென்ட் செய்தால் இது போகாது. நின்ற நிலையில் அளவு சரியாகக் காட்டும், ஓடும்போது மறுபடி மாறும்.

அளந்து பாருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கீழே படுத்து, இரண்டு டை ராடின் உள்முனை பால் ஜாயிண்டும் சேசிஸின் அடி விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று டேப் வைத்துப் பாருங்கள். இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பாக்ஸ் தப்பான இடத்தில் இருக்கிறது. அடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இடக்கோடி வரைக்கும் வலக்கோடி வரைக்கும் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். கால் சுற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அதே கதை.

பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் சேசிஸ் பகுதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜப்பான் வண்டியில் பாக்ஸின் பாரத்தைத் தாங்கும் பலம் வலப்பக்க சேசிஸில்தான் கொடுத்திருக்கும். பெட்டி வடிவ சேசிஸுக்குள் குறுக்காகக் குழாய்த் துண்டு வைத்து, அதன் வழியாக போல்ட் போவதுதான் முறை. இடப்பக்கத்தில் குழாய் வைக்காமல் வெறும் துளை போட்டு முடுக்கினால் சேசிஸின் இரண்டு சுவரும் உள்ளே நசுங்கும், போல்ட் நாளடைவில் தளரும், துளையைச் சுற்றி விரிசல் விடும். இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழிருந்து பாக்ஸின் அடியைக் கவனியுங்கள். பாக்ஸோ சேசிஸோ அசைந்தாலும், போல்டைச் சுற்றித் துரு கோடு வடிந்திருந்தாலும், பெயின்ட் மெல்லிய கோடாகப் பிளந்திருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஸ்டியரிங் தண்டையும் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பாருங்கள். நீளம் போதாமல் தண்டை வெட்டி முனையோடு முனை வெல்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வெல்டிங் முறிந்தால் கையில் வெறும் சக்கரம்தான் இருக்கும். தண்டில் வெல்டிங் தெரிந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

ஈரத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகரச் சுவர். ஸ்டியரிங் தண்டு, பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் டப்பா), ஏசி குழாய் எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் புதுத் துளை வேண்டும், வலப்பக்கத்துப் பழைய துளைகளை மூட வேண்டும். நல்ல பட்டறையில் இடப்பக்க வண்டியின் ஃபயர்வாலையே வெட்டி எடுத்து ஓரம் முழுக்க வெல்டிங் வைப்பார்கள். மட்டமான வேலையில் தகரத் துண்டை வைத்து நாலு இடத்தில் பொட்டு வெல்டிங், மேலே பட்டி பூசி பெயின்ட். கார்ப்பெட்டைத் தூக்கி உள்பக்கமாகப் பாருங்கள். உள்ளே பெயின்ட் அடிக்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை, வேலையின் தரம் அப்படியே தெரியும்.

பிரேக்குக்கு ஒரு சோதனை. இன்ஜின் ஓடும்போது ஒருவர் பெடலை முழு பலத்தோடு மிதிக்கட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் பாருங்கள். ஃபயர்வாலோடு சேர்ந்து பூஸ்டர் கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால் தகரம் வளைகிறது என்று பொருள். அந்த வளைவில்தான் பட்டி பிளக்கும், மழைத் தண்ணீர் உள்ளே வரும். இன்னும் மோசமான வேலை ஒன்று உண்டு: பூஸ்டரை வலப்பக்கமே விட்டுவிட்டு, டாஷ்போர்டுக்குள் குறுக்காக ஒரு கம்பி போட்டு இடப்பக்கப் பெடலோடு இணைப்பது. கம்பி முறுக்கிக்கொள்ளும், அவசரத்தில் மிதித்தால் பிரேக் தாமதமாகப் பிடிக்கும். பூஸ்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பானெட்டைத் திறந்ததுமே பார்த்துவிடலாம்.

பதில்: பேப்பர் பார்ப்பவன்

வண்டியைப் பற்றி மேலே சொல்லிவிட்டார். நான் ஆவணத்தைச் சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸில் 1998ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 8506 வலப்பக்க ஸ்டியரிங் வண்டியைப் பதியவும் ஓட்டவும் தடை செய்கிறது. மாற்று வேலையே அதனால் வந்ததுதான். 2002 டிசம்பரில் வந்த நிர்வாக ஆணை 156 பழைய கார் இறக்குமதியையே நிறுத்தியது. சுபிக் சுதந்திர வணிகப் பகுதியை வைத்து அது நீதிமன்றம் போனது. பகுதியின் வேலிக்கு வெளியே வரும் வண்டிகளுக்குத் தடை செல்லும் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டி நாட்டுக்குள் எந்த ஆண்டு வந்தது, சுங்க வரி கட்டிய சான்றிதழ் எங்கே என்பதைத்தான். நகல் போதாது. சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சிஆரில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 2018இல் சட்டவிரோதமாக வந்த கார்களை அரசு புல்டோசர் ஏற்றி நசுக்கியதைப் பார்த்திருப்பீர்கள். சுங்கத்துறை இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 இலக்க எண் இருக்காது. 2.8 டீசல் நீளப் பாடி என்றால் எண் V46 என்று தொடங்கும். V44 என்று இருந்தால் அது 2.5 லிட்டர் 4D56 இன்ஜினோடு பிறந்த வண்டி, 2.8 பிறகு ஏற்றியது. அப்படியானால் இன்ஜின் மாற்றத்துக்கும் தனியாகக் காகிதம் வேண்டும். தகவல் தகடு ஃபயர்வாலில்தான் ரிவெட் அடித்திருக்கும். ஃபயர்வாலையே வெட்டியிருப்பதால் தகடு கழன்று போயிருக்கலாம், வேறு வண்டியின் தகடு வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். எனவே தகட்டை நம்பாமல் சேசிஸில் அடித்த எண்ணையே பாருங்கள்.

சிஆரில் உள்ள மாடல் ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். மாற்றிப் பதிந்த ஆண்டை மாடல் ஆண்டாகப் போட்டிருக்கும் வண்டிகள் உண்டு. சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். 'ரீபில்ட்', அதாவது மறுபடி கட்டிய வண்டி, என்று சிஆரில் பதிந்திருந்தால் மறுவிற்பனையில் விலை இறங்கும். காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு நெடுஞ்சாலைக் காவல் பிரிவான எச்பிஜியின் கிளியரன்ஸ் வேண்டும். எண்ணை ஸ்டென்சில் எடுப்பார்கள், சந்தேகம் வந்தால் அமிலம் தடவி, அழித்து அடித்த எண்ணா என்று சோதிப்பார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அங்கே போகாதீர்கள். விற்பவரையும் அழைத்துக்கொண்டு கிளியரன்ஸ் எடுத்து, பிறகு நோட்டரி முன் கிரயப் பத்திரம் போட்டுப் பணம் கொடுங்கள். வாங்குபவர் பெயரை எழுதாமல் திறந்து விட்ட பத்திரம் கொடுத்தால் வாங்காதீர்கள். சிஆரில் பெயர் உள்ளவரின் கையெழுத்தும் அடையாள அட்டையும் கட்டாயம்.

பதில்: மலைப்பாதை

இருவரும் விட்ட சில விஷயங்கள்.

ஹெட்லைட். ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் லோ பீமின் வெளிச்சம் இடப்பக்கம் மேலே ஏறும். பிலிப்பைன்ஸில் வலப்பக்கம் ஓட்டுகிறோம், அதே விளக்கு எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். இரவில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் ஏறினால் விளக்கு மாற்றப்படவில்லை. ஸ்க்ரூவைத் திருப்பிக் கீழே இறக்கலாம், ஆனால் அப்புறம் உங்களுக்கே ரோடு தெரியாது. இடப்பக்க வண்டியின் விளக்கு ஜோடியை வாங்கி மாட்டுவதுதான் வழி.

வைப்பரும் அப்படித்தான். பழைய அமைப்பையே விட்டிருந்தால் ஓட்டுநரின் இடது தூண் ஓரம் ஒரு பட்டை துடைபடாமல் நிற்கும். மலைப்பாதையில் இடப்பக்கம் திரும்பும்போது நீங்கள் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

ஏர்பேக் இருந்த வண்டியானால், சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். ஆயில் விளக்கோடு சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தால் வயரை அதனோடு கட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் ஏர்பேக் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டு ஃபைபரில் செய்ததா, கம்பெனி டாஷ்போர்டா என்பதை ஏசி துளைகளில் கை வைத்தே கண்டுபிடிக்கலாம். நடுவில் நன்றாகக் காற்று வந்து ஓரத்தில் வராவிட்டால் உள்ளே குழாய் பொருந்தவில்லை.

வயரிங்கைக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஹெட்லைட் எரியும்போது பேட்டரி முனையிலும் பல்ப் முனையிலும் வோல்ட் அளந்தால் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வயரை நீட்டி முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டுகள் உள்ளே இருக்கின்றன. தீப்பிடிப்பது அங்கிருந்துதான்.

இந்த 2.8 டீசலின் பெயர் 4M40. இதற்கு டைமிங் பெல்ட் இல்லை, செயின். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்து அடங்காமல் இருந்தால் செயின் வேலை இருக்கிறது. இந்த இன்ஜின் ஒருமுறை கொதித்தால் ஹெட் விரிசல் விடக்கூடும். ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து இன்ஜினைக் கிளப்புங்கள், தொடர்ந்து குமிழ் வந்தால் வாங்க வேண்டாம்.

கேட்டவர்: செபு வாசி

எல்லோருக்கும் நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். பூஸ்டர் இடப்பக்கம்தான் இருக்கிறது, மிதித்தால் அசையவில்லை. டை ராட் உள்முனை இடப்பக்கம் 9 மி.மீ. தாழ்வாக இருக்கிறது. பாக்ஸைச் சுற்றி விரிசல் எதுவும் தெரியவில்லை. காகிதங்கள் பொருந்துகின்றன. பாக்ஸை மட்டும் சரியான இடத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டலாமா?

பதில்: டீசல் தம்பி

ஓட்டலாம், ஆனால் அதைச் செய்ய வேண்டிய முறை வேறு. இதே தலைமுறை பஜேரோ இடப்பக்க ஸ்டியரிங்கோடு ஃபீல்டுமாஸ்டர் என்று இங்கேயே விற்றதால் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், நடு ராட் எல்லாம் பழைய பாகம் விற்கும் சர்ப்ளஸ் கடைகளில் கிடைக்கும். மணிலா பக்கம் ஆள் இருந்தால் கேசோன் சிட்டி பனாவே தெருவில் விசாரிக்கச் சொல்லுங்கள். நான்கையும் ஒரே வண்டியிலிருந்து கழற்றியதாக வாங்குங்கள். முடிந்தால் பாக்ஸ் உட்காரும் சேசிஸ் துண்டையும் சேர்த்து வெட்டி வாங்குங்கள். இப்போது இருப்பது வலப்பக்கப் பாக்ஸைக் கவிழ்த்து மாட்டியதாக இருந்தால் அதை ஏற்றி இறக்கிப் பயனில்லை, முழுதாக மாற்றுங்கள்.

பழைய துளைகளை வெல்டிங் வைத்து மூடி, இரண்டு சுவருக்கும் இடையே குழாய் வைத்து, வெளியே தடித்த தகடு போட்டு, ஃபீல்டுமாஸ்டர் ஒன்றின் அளவை எடுத்துத் துளை போட வேண்டும். சேசிஸ் வெல்டிங் தெரிந்தவர்தான் இதைத் தொட வேண்டும். அதற்கு முன் பேட்டரி முனைகளைக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் மறுபடி இரண்டு பக்கமும் உயரம் அளந்து, பவர் ஸ்டியரிங் ஆயிலில் காற்று எடுத்து, கடைசியில் அலைன்மென்ட்.

பூஸ்டர் அசையாததால் ஃபயர்வாலில் பலம் இருக்கிறது. ஈரம் பழைய துளை மூடிய இடத்திலிருந்து வரலாம், முன் கண்ணாடி ரப்பரிலிருந்தும் வரலாம். கண்ணாடியின் அடிப்பகுதியில் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்த்தால் இடம் தெரிந்துவிடும். இந்த வேலைக்கெல்லாம் பட்டறையில் எழுத்தில் விலை வாங்கி, அதை அந்த 3,20,000இல் கழித்துக் கேளுங்கள். விற்பவர் இறங்காவிட்டால் ஃபீல்டுமாஸ்டரையே தேடுங்கள்.